கீழ் டிவிஷன் மேடும் இரண்டு கியர்பொக்ஸும்

கியர்பொக்ஸ் மாற்றிக் கை கறுத்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: வண்டிக்காரர் கேட்பது ஒன்று, வண்டி ஏறுகிற ரோடு கேட்பது வேறொன்று. ஐம்பதுகளின் கடைசியில் நான் இலங்கை மலைநாட்டு நானுஓயாவில் கராஜ் வைத்திருந்தபோது ஒரு தேயிலைத் தோட்டத்துப் பழைய பிக்கப் வந்தது.

துரை காட்டியது

பிக்கப்பின் கியர்பொக்ஸ் தேய்ந்துபோயிருந்தது. என்னிடம் ஏற்கெனவே பாவித்த பழையவை இரண்டு இருந்தன. ஒன்றில் மூன்று கியரோடு ஓவர்டிரைவ். சமதரையில் வேகம் பிடித்ததும் இன்ஜின் அலட்டிக்கொள்ளாமல் ஓடும், பெட்ரோல் மிச்சம். மற்றதில் ஓவர்டிரைவ் இல்லை, நான்கு கியர். முதல் கியர் நத்தை வேகம், ஆனால் பாரத்தோடு எந்த மேட்டிலும் ஏறும். வாராவாரம் கொழும்புக்குப் போகும், தோட்டத்தை நடத்தும் துரை யோசிக்காமல் ஓவர்டிரைவைக் காட்டினார். தோட்டத்தின் கீழ்ப்பகுதியான கீழ் டிவிஷன் மேட்டில் அது திணறும் என்று பணிவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"கீழ் டிவிஷன் போறது டிரைவர். கொழும்பு போறது நான்."

செல்லமுத்து தயங்கி நின்றது

துரை போனதும் டிரைவர் செல்லமுத்து என்னிடம் வந்தார். கீழ் டிவிஷனில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் பள்ளத்தில் இருக்கின்றன. அங்கே யாருக்கு முடியாமல் போனாலும் இந்தப் பிக்கப்தான் மேடேற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். போன மாதம் பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணோடு வண்டி வளைவில் நின்று, பின்னால் உருள, கல் வைத்து நிறுத்தினார்களாம். தப்பித்தாளே, அது போதும் என்றேன். அவர் முகம் தெளியவில்லை.

"அடுத்தது என் வீட்டுக்காரிங்க."

பாதி மேட்டில்

துரை சொன்னதை மாற்றிப் பூட்ட எனக்குத் தைரியம் இல்லை. ஓவர்டிரைவையே பூட்டினேன். ஆனால் வண்டிக்குரியவரே பாரம் ஏற்றி, மோசமான ரோட்டில் ஓட்டிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் கராஜ் வழக்கம். பின்னால் உர மூட்டைகளை அடுக்கி, துரையையே கீழ் டிவிஷன் மேட்டில் ஓட்ட வைத்தேன்.

பாதி மேட்டில் கிளட்ச் கருகி நாறியது. வண்டி நின்று பின்னால் நழுவ, செல்லமுத்து குதித்துக் கல் வைத்தார். துரை இறங்கிப் பள்ளத்தை வெகுநேரம் பார்த்தார். நோயாளியோடு வரும்போது என்ன செய்வாய் என்று கேட்டார். கல் வைக்கவே ஒரு ஆளைக் கூட்டிவருவேன் என்றார் செல்லமுத்து. மிச்ச மேட்டை நடந்தே ஏறிய துரை, மேலே வந்ததும் என்னிடம் சொன்னார். அன்றுதான் அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

"மத்தது போடு. கொழும்புக்கு ரயில் இருக்கு."

ஆண் பிள்ளை

இரண்டு மாதம் கழித்துச் செல்லமுத்து கற்கண்டோடு வந்தார். ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம், ஆண் பிள்ளை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கியர்பொக்ஸ் எப்படி என்று கேட்டேன்.

"நிக்காம ஏறிருச்சுங்க. ஆனா இதுக்கு நான் நடந்தே போயிருப்பேன்னு வீட்டுக்காரி வழி முழுக்கத் திட்டிக்கிட்டே வந்தா."

சரியான கியரைத் தேர்ந்து கொடுத்தவனுக்கு இந்தத் தொழிலில் கிடைக்கிற அதிகபட்சப் பாராட்டு, மெதுவாகப் போகிறது என்கிற புகார்தான்.