அக்கா பறித்த மூக்கிரட்டை

என் அக்கா எங்கள் வீட்டை விட்டுப் போனதற்கு நான்தான் காரணம். இதை என் மனைவியிடம்கூட நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவளுக்குத்தான் தெரியுமே என்று இருந்துவிட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருந்தேன். திருமுல்லைவாயிலில் மனை வாங்கி, இரண்டு அறையும் சமையலறையுமாக வீடு கட்டியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. நூம்பல் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் புருஷன் இறந்த காரியம் முடிந்த கையோடு, இனி நீ வெயிலில் குனிய வேண்டாம் என்று சொல்லி அவளை என்னோடு அழைத்து வந்தேன். அதைப் பெருமையாகத்தான் செய்தேன்.

அக்கா சிறு வயதிலிருந்தே களை எடுக்கப் போனவள். களை எடுப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிடுங்கிய களையில் தின்னக்கூடியது எதுவானாலும் அது பிடுங்கியவளுக்குச் சொந்தம். நிலத்துக்காரர் கேட்க மாட்டார். முந்தானையை இடுப்பில் செருகி மடி கட்டிக்கொண்டு, குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, மூக்கிரட்டை என்று கிடைத்ததை அதில் போட்டு எடுத்துவருவார்கள். நான் படித்த காலத்தில் எங்கள் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள இருந்தது பெரும்பாலும் அக்காவின் மடியில் வந்ததுதான்.

ஐப்பசி மழை விட்டதும் எங்கள் புதுவீட்டுக் கொல்லையில் மூக்கிரட்டை தரையோடு படர்ந்தது. சிவந்த தண்டு, அடிப்பக்கம் வெளுத்த இலை, கடுகளவு ஊதாப்பூ. அதுவரை வீட்டில் விருந்தாளிபோல் சுவரோரம் உட்கார்ந்திருந்த அக்கா அன்றைக்குத்தான் எழுந்து நடமாடினாள். துளிராகப் பார்த்துக் கிள்ளிவந்து ஆய்ந்தாள். மண் போகும்வரை அலசி, பாசிப்பருப்போடு பூண்டும் பச்சைமிளகாயும் போட்டு, சட்டியை மூடாமல் வேகவைத்து, மத்தால் கடைந்தாள். கடைசியில் வடகம் தாளித்துக் கொட்டினாள். லேசான கசப்பும் மண்வாசனையும் கலந்த அந்தக் கடைசலை என் மனைவி இரண்டாம் முறை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

“கடையில கீரை வாங்காத பொண்ணே. கீரைக்கு நானாச்சு” என்றாள் அக்கா.

“சரிங்க அண்ணி. அப்போ எனக்கும் அடையாளம் சொல்லிக் குடுங்க.”

“உனக்கு எதுக்கு? நீ கத்துக்கினா அப்புறம் எனக்கு இன்னா வேலை கீது இந்த ஊட்ல?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்கள் கொல்லை சின்னது. அது தீர்ந்ததும் அக்கா பக்கத்து வீடுகளுக்குப் போனாள். மழைக்குப் பிறகு எல்லார் கொல்லையிலும் களை முழங்கால் உயரம் நிற்கும். அவள் அதைச் சுத்தமாகப் பிடுங்கிக் கொடுப்பாள். கீரை அவளுக்கு. யாரும் கூலி பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. வயலில் இருந்த வழக்கத்தை அப்படியே எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்திருந்தாள். எனக்கு இது தெரியாது. நான் காலையில் ரயில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவேன். தட்டில் விழும் கீரை எங்கே முளைத்தது என்று நான் கேட்டதில்லை.

எங்கள் மேலாளரின் வீடு அடுத்த தெருவில் இருந்தது. ஒருநாள் அவர் ஸ்டோர்ஸுக்கு வந்தவர், ஆட்கள் நிற்கும்போதே சொன்னார்: “உங்க அக்கா ரொம்ப நல்லா தோட்ட வேலை செய்யறாங்க. எங்க வீட்டு அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். வாரா வாரம் வரச் சொல்லுங்களேன், ஏதாவது பாத்துக் குடுத்துடலாம்.”

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அவர் போனதும் பின்னாலிருந்து ஒருவன் ஆரம்பித்தான்.

“இன்னா அண்ணாத்தே, இனிமே ஸ்டோர்ஸ்ல நட்டு போல்ட்டோட கீரையும் கிடைக்குமா?”

“கட்டு கணக்கா, கிலோ கணக்கா, அதக் கேளு மாமே” என்றான் இன்னொருவன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. அக்கா அடுப்படியில் இருந்தாள்.

“யாரைக் கேட்டு ஊர் ஊட்டுக்கெல்லாம் போற? நான் உனக்குச் சோறு போடலையா?” என்று கத்தினேன். கோபம் வந்தால் எனக்குப் படித்த பேச்சு போய்விடும்.

“கீரைக்குப் போனேன்டா தம்பி.”

“கூலிக்காரின்னு நெனச்சுக்கினாங்க. என் மானம் போச்சு.”

அவள் சட்டியில் கடைந்துகொண்டிருந்த மத்தை நிறுத்தினாள். “சரி, போவல” என்றாள். அவ்வளவுதான்.

மறுநாளே ஆள் வைத்து எங்கள் கொல்லையையும் மண்வெட்டியால் செதுக்கிவிட்டேன். வேரில் கொஞ்சம் இருந்தாலும் மறுபடி துளிர்க்கும் என்று ஆழமாக வெட்டச் சொன்னேன். அப்போது அது பெரிய காரியம் செய்ததுபோல் இருந்தது. வாரம் தவறாமல் மார்க்கெட்டிலிருந்து முளைக்கீரைக் கட்டு வாங்கி வந்தேன். அக்கா அதைச் சமைத்தாள். தன் தட்டில் மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. வரவரச் சோறும் குறைந்தது. “பசிக்கல” என்பாள். டாக்டரிடம் அழைத்துப்போனேன், டானிக் எழுதிக் கொடுத்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் செய்தேன். மன்னிப்பு ஒன்றுதான் கேட்கவில்லை. எதற்குக் கேட்பது என்றும் அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் புடவையின் கீழ்க்கரை முழுக்க மூக்கிரட்டை விதை ஒட்டியிருந்தது. பசை உள்ள விதை அது. செடியை உரசிக்கொண்டு நடந்தாலே வந்து ஒட்டும். எங்கள் கொல்லையில் ஒரு செடியும் கிடையாது.

“மறுபடி எவன் ஊட்டுக்குப் போன?” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். தொழிற்சாலை வாசலில் பொருளோடு பிடிபட்டவனைக் கேட்பதுபோல இரண்டாம் முறையும் கேட்டேன். அவள் கரையை மடியில் இழுத்துப் போட்டு ஒவ்வொரு விதையாகக் கிள்ளி எடுக்கத் தொடங்கினாள்.

கிணற்றடியிலிருந்து உள்ளே வந்த என் மனைவிதான் சொன்னாள்: “கோயிலுக்குத்தான் போயிட்டு வந்தோம். பொட்டல் வழியா வந்தோம். என் புடவையையும் வேணும்னா பாருங்க.”

அவள் கரையிலும் விதை இருந்தது.

அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கை கால் கழுவப் போய்விட்டேன். அடுத்த நாள் நான் வேலையிலிருந்து திரும்பியபோது அக்காவின் துணிப்பை இருந்த ஆணி வெறுமையாக இருந்தது. நூம்பலுக்குப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். தடுத்தாயா என்று கேட்டேன். “கையப் புடிச்சுக்கிட்டு அழுதேன். வேற என்ன செய்யறது?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பி, வேலப்பன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி நூம்பலுக்கு நடந்தேன். அக்கா ஒரு கத்திரித் தோட்டத்தில் நாலைந்து பெண்களோடு வரிசையில் குந்திக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். பேன்ட்டும் பூட்ஸுமாக வரப்பில் நின்ற என்னை முதலில் பார்த்தது வேறொருத்தி.

“யக்கா, உன் ஆபீசர் தம்பி வந்துகீறாரு. அவருக்கும் ஒரு வரிசை உடலாமா?”

“உட்டா கத்திரிச்செடிய புடுங்கிடுவான்” என்றாள் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். அவள் முகத்தில் நான் மாதக்கணக்காகப் பார்க்காத சிரிப்பு.

எழுந்து வரப்போரம் வந்தாள். மடி கனத்துத் தொங்கியது.

“வீட்டுக்கு வா அக்கா.”

“வந்து இன்னாடா செய்ய?”

“ஒண்ணும் செய்ய வாணாம். சும்மா உக்காந்து சாப்புடு.”

சொல்லும்போதே தப்பாகச் சொல்கிறேன் என்று தெரிந்தது.

“அதுதாண்டா முடியல எனக்கு” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன்.

“நீ யார் ஊட்டுக்கு வேணும்னாலும் போ. நான் கேக்கல.”

“நீ உத்தரவு குடுத்து நான் போணுமா?” என்று மெல்லக் கேட்டாள். பிறகு, “தண்ணி குடிக்கிறியா, வெயில்ல வந்துகீற” என்றாள்.

அவளுக்கு வரிசை காத்திருந்தது. மடியை அவிழ்த்து, நல்ல துளிராகப் பொறுக்கி, வாழைநாரில் கட்டி என் கையில் கொடுத்தாள். “பொண்ணாண்ட குடு. மூடி வேக வெக்க வாணாம்னு சொல்லு.” திரும்பிப் போய்த் தன் இடத்தில் குந்திவிட்டாள். மற்றப் பெண்களும் என்னை மறந்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

வீட்டு வாசலில் மனைவி என் பின்னால் எட்டிப் பார்த்தாள். “அண்ணி?” என்றாள். கீரைக் கட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டு உள்ளே போய் முறத்தில் போட்டு ஆய்ந்தாள். நானும் அருகில் உட்கார்ந்து ஆய்ந்தேன். அக்கா சொன்னபடி மூடாமல்தான் வேகவைத்தாள்.

அதற்குப் பிறகு அக்கா உயிரோடு இருந்த வருஷங்களில் மழை விட்டதும் நூம்பலுக்குப் போய்விடுவேன். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வா என்று கூப்பிடுவேன். அவள் ஒவ்வொரு முறையும் கீரை கட்டிக் கொடுப்பாள். அவள் வந்தால் செய்ய என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு, கடைசிவரை நான் ஒரு பதிலும் கொண்டுபோகவில்லை.