கைதட்டாமல் பார்த்த ஆட்டம்

பிள்ளைகளா, உங்கள் அத்தை கபடி பாடிப் போகும்போது ஊரே கத்துகிறது, அப்பா மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டுச் சிரித்தீர்கள். அதற்குக் காரணம் திண்டுக்கல்லில் இருக்கும் ஒரு பிசியோதெரபி டாக்டரம்மா.

அத்தைக்கு வைரஸ் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டதும், உடம்பு தேறுமுன்பே களத்தில் இறங்கினாள். எதிரணிப் பெண்ணின் முழங்காலில் தலை மோதி விழுந்தாள். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் வெயில் பட்டால் அவளுக்குக் கண் கூசியது. தலையைத் திருப்பினால் வீடே சுற்றியது. சொல்ல வந்த வார்த்தை பாதியில் மறந்துபோனது. இனி ஆடவே முடியாதோ என்ற பயம் அவளைத் தின்றது. யார் கேட்டாலும், "நல்லாத்தேன் இருக்கேன்" என்பாள்.

பஸ் குலுக்கல் ஒத்துக்கொள்ளாததால், சின்னாளப்பட்டியிலிருந்து என் லோடு வண்டியில்தான் மெதுவாக அந்த டாக்டரம்மாவிடம் கூட்டிப் போவேன். அவளுடைய அணிப் பெண்களும் ஏறிக்கொள்வார்கள்.

டாக்டரம்மா தரையில் கோடு போட்டு, தலையை இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே அதன்மேல் நடக்கச் சொன்னார். கோட்டைக் கண்டால் கபடிக்காரர்கள் நாங்கள் சும்மா இருப்போமா? கைதட்டினோம். "விடாதடி! இன்னும் செத்த தூரந்தேன்!" அவளும் விடவில்லை. கடைசியில் சுவரைப் பிடித்துச் சரிந்தாள். அன்று முழுக்கத் தலை தூக்கவில்லை.

அடுத்த முறை டாக்டரம்மா எங்களைப் பெஞ்சில் உட்கார வைத்தார். "அண்ணே, நீங்க கத்துனா அவ நிப்பாட்ட மாட்டா. இனி ஒரு கைதட்டு கேட்டுச்சு, அம்புட்டுப் பேரும் வெளியதான்."

"கேட்டா நல்லாருக்கேன்னுதான சொல்லுவா? எப்ப நிறுத்தணும்னு எப்படித் தெரியும்?" என்றேன்.

அவர் அத்தையிடம், "மூச்சை அடக்காம, சும்மா கபடி பாடிக்கிட்டே நட" என்றார்.

பாதிக் கோட்டில் பாட்டு தடுமாறியது. ஆனாலும் அவள் நடையை நிறுத்தவில்லை.

"நில்லு."

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர்."

"உனக்கு இல்ல, உன் பாட்டுக்கு இருக்கு. உக்காரு."

அத்தை சிரித்துவிட்டாள். காய்ச்சலுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள்.

கபடி மைதானத்தையே பார்க்காதவர் அந்த அம்மா. ஆனாலும் எங்கள் ஆட்டத்திலிருந்தே அவளுக்கு ஓர் அளவுகோல் எடுத்துக் கொடுத்தார். பாட்டு கலைந்தால் உட்கார வேண்டும். கலையாவிட்டால் மறுநாள் கொஞ்சம் கூடுதல். சில நாள் முந்தின நாளைவிடக் குறைவாகத்தான் முடிந்தது. அத்தை அழுதால், "ரெய்டு போறவ திரும்பி வந்தா அவுட்டா?" என்று கேட்பார். எத்தனை பேர் பிடித்தாலும் திமிறி வருகிறவள், உட்காரக் கற்றுக்கொண்டாள். நான் பார்த்ததிலேயே பெரிய வீரம் அதுதான்.

ஆடலாம் என்று டாக்டர்கள் சொன்ன பிறகு, கன்னிவாடியில் முதல் ஆட்டம். நாங்கள் மூச்சுக்கூட விடாமல் அவள் பாட்டையே கேட்டுக்கொண்டிருந்தோம். நடுவில் அது லேசாக இழுத்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவளே திரும்பி வந்து, கையைத் தூக்கிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தாள்.

"என்னடி, பயந்துட்டியா?" என்றாள் எதிரணிக்காரி.

"ஆமாடி. அடுத்த ஆட்டத்துக்கு வாரேன், அப்பப் பாரு!"

அன்று தோற்றோம். அதற்கப்புறம் அவள் முழு ஆட்டமும் ஆடியதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

தோற்ற அன்றைக்கு எல்லாரும் வண்டியில் ஏறிய பிறகு, தண்ணீர்க் கேனை மறந்துவிட்டேன் என்று சொல்லி மைதானத்துக்குத் திரும்பினேன். அங்கே யாருமில்லை. அவள் வந்து உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்து, உள்ளங்கை எரியும்வரை கைதட்டினேன்.