முன்னூற்றுப் பதினோரு தடவை

சாவி இல்லாத பூட்டு என்றால் எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள். விரலை வைத்தால் திறக்கிறது, எண்ணைத் தட்டினால் திறக்கிறது, போனிலிருந்துகூடத் திறக்கிறதாம். சரி, அந்தப் பூட்டுக்கு உயிர் எங்கிருந்து வருகிறது என்று ஒருத்தராவது கேட்டதுண்டா? கதவின் உள்பக்கம், பூட்டின் முதுகில், நாலு சின்ன பேட்டரி படுத்திருக்க ஒரு குழி, அதற்கு ஒரு மூடி. அந்தக் குழியையும் மூடியையும் பதினாலு வருஷமாக வரைந்துகொண்டிருந்த மனுஷரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். ஆபீஸில் அவருக்கு டப்பாக்காரர் என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பெருமைப்பட விஷயம் இல்லாமல் இல்லை. பூட்டின் முகப்பை வரைகிறவர்கள் வருவார்கள், போவார்கள். பித்தளை நிறம் போய்க் கறுப்பு வரும், கறுப்பு போய்க் கண்ணாடி வரும். டப்பா மட்டும் மாறாது. கேட்பதற்குச் சின்ன வேலைதான், செய்து பார்த்தால் தெரியும். ஸ்பிரிங் அழுத்தம் ஒரு பொட்டு கூடினால் மூடி மூஞ்சியில் தெறிக்கும். ஒரு பொட்டு குறைந்தால், யாராவது கோபத்தில் கதவை ஓங்கிச் சாத்தும்போது பேட்டரி ஒரு கணம் துள்ளும், பூட்டு செத்துப் பிழைக்கும். அதற்காகவே ஆபீஸ் மூலையில் சுவரே இல்லாமல் ஒரு கதவும் நிலையும் நட்டு வைத்திருந்தார்கள். ஒரு மெஷின் நாள் முழுக்க அதை அடித்துச் சாத்திக்கொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொரு அடிக்கும் திடுக்கிடுவார்கள். டப்பாக்காரருக்கு அந்தச் சத்தம் இல்லாவிட்டால்தான் தலை வலிக்கும்.

இப்படி நிம்மதியாக இருந்த மனுஷர் வாழ்க்கையில்தான் பொம்மைக்காரம்மா வந்து சேர்ந்தாள்.

முப்பத்தெட்டு வயசு, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அதற்கு முன்னால் பேட்டரி பொம்மை செய்யும் கம்பெனியில் பத்து வருஷம் இருந்தவள் என்பதால் அந்தப் பெயர். "அங்கே குழந்தைங்க கையால திறக்கவே முடியாத மாதிரி டப்பா செஞ்சேன். இங்கே யார் வேணும்னாலும் திறக்கிற மாதிரி செய்யச் சொல்றீங்க. கத்துக்கிட்டதையெல்லாம் தலைகீழா மறக்கணும்" என்று முதல் நாளே சொல்லிச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். டப்பாக்காரரும் சிரித்தார். அன்றைக்கு அவளை அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது, சும்மா சொல்லக்கூடாது.

புது மாடல் பூட்டுக்கு அவளும் ஒரு டப்பா வரையட்டும், இரண்டில் எது நல்லதோ அது போகட்டும் என்று மேனேஜர் சொன்னபோதுதான் வயிற்றில் முதல் புகை கிளம்பியது.

அவள் வரைந்தது மூடியே இல்லாத டப்பா. ஒரு டிராயர். விரலால் லேசாக ஒரு அழுத்து அழுத்தினால் நாலு பேட்டரியோடு வெளியே வந்து நிற்கும். பேட்டரிகளின் தலையெல்லாம் ஒரே பக்கம். டப்பாக்காரர் டப்பாவில் ஒன்று மேலே பார்க்கும், அடுத்தது கீழே பார்க்கும். பாதி வீடுகளில் மாற்றிப் போட்டுவிட்டு, பூட்டு கெட்டுப்போச்சு என்று கம்பெனிக்கு போன் செய்வார்கள். படம் போட்டிருக்கிறதே, பார்த்துப் போடத் தெரியாதா என்பது அவருடைய பதினாலு வருஷத்துப் பதில். அவளோ படமே தேவையில்லாமல் செய்துவிட்டாள். அதைத் திரையில் முதல்முறை பார்த்தபோது டப்பாக்காரருக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். அடச்சே, இது எனக்கு ஏன் தோணல?

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வரைந்த எதையும் முப்பது நாள் யாராவது ஒரு ஊழியர் வீட்டுக் கதவில் மாட்டிப் பார்ப்பார்கள். அந்த ஊழியர் நிறை குறை எழுதிக் கொடுக்க வேண்டும். "உங்க வீட்டில மூட்டுவலிக்காரங்க இருக்காங்களே, அங்கேயே மாட்டிடலாம்" என்றார் மேனேஜர். மூட்டுவலிக்காரங்க என்றது டப்பாக்காரரின் மாமியாரை. மகளோடு இருக்கிறவர், விரல் கணுவெல்லாம் வீங்கி மடங்காது. எதிராளியின் டப்பா தன் வீட்டு வாசலிலேயே வந்து உட்காரப்போகிறது. என்ன சொல்ல முடியும்? "தாராளமா" என்று பல்லைக் காட்டினார்.

மாட்டி ஒரு வாரம் இருக்கும். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவரை மாமியார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"மாப்பிள்ளை, இன்னிக்கு பேட்டரி நானே மாத்திட்டேன்!"

"நீங்களா அத்தை?"

"நானேதான். இந்த விரலாலதான். உள்ளே போட்டது பழைய பேட்டரி போல, பூட்டு கீ கீன்னு கத்துச்சு. எப்பவும் நீங்க வர்ற வரைக்கும் அது கத்தும், நான் காதைப் பொத்திக்கிட்டு இருப்பேன். இன்னிக்கு ஒரு தட்டு தட்டினேன், வந்துடுச்சு. யாரு மாப்பிள்ளை இதைச் செஞ்சது? கெட்டிக்காரப் பொண்ணா இருக்கணும்."

"பொண்ணுன்னு எப்படித் தெரியும்?"

"பின்னே? ஆம்பளைக்கு இதெல்லாம் எங்கே தோணப்போகுது?"

உள்ளேயிருந்து மனைவி வேறு எட்டிப் பார்த்தாள். "ஏங்க, நீங்க இத்தனை வருஷமா இப்படி ஒண்ணு செஞ்சிருக்கலாமே?" அவள் மனசில் ஒன்றும் இல்லை, கத்தரிக்காய் ஏன் வாங்கி வரவில்லை என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அதுதான் இன்னும் எரிந்தது. அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன் வீட்டில், தன் மாமியார், தன் கதவருகில் நின்றுகொண்டு எவளோ ஒருத்தியைப் புகழ்கிறார்! பதினாலு வருஷத்தில் ஒரு நாள், "உங்க மூடி நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்று வாயைத் திறந்திருப்பாரா?

அன்றிலிருந்து பிடித்தது பைத்தியம். அந்த டிராயரில் ஒரு குறை, ஒரே ஒரு குறை கண்டுபிடித்துவிட வேண்டும். குளிக்கப் போகும்முன் திறப்பார், குளித்துவிட்டு ஈரக் கையோடு திறப்பார். சாய்வாக இழுப்பார், ஒற்றை விரலால் இழுப்பார், வேண்டுமென்றே முரட்டுத்தனமாகத் திணிப்பார். பேட்டரியைத் தலைகீழாகப் போட முயன்றால் டிராயர் உள்ளேயே போக மாட்டேன் என்று நின்றது. தலைமுடி ஒன்றைப் போட்டு மூடினார், சர்க்கரை இரண்டு சிட்டிகை தூவிப் பார்த்தார். அப்போதும் அது வழுக்கிக்கொண்டு வந்தது. "வாசல்ல நின்னு என்னங்க டிக்கு டிக்குன்னு?" என்று மனைவி கேட்டால், "வேலை" என்பார். வேலையாம் வேலை!

முப்பது நாள் முடிந்தது. குறை கிடைக்கவில்லை. பூட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அறிக்கைத் தாளோடு உட்கார்ந்தார். நிறை என்ற கட்டத்தில் இரண்டு வரி எழுதினார். குறை என்ற கட்டம் வெறுமையாக அவரையே பார்த்தது. இல்லை என்று எழுதினால் பதினாலு வருஷம் அத்தோடு முடிந்தது. அவர் டப்பா போய்விடும். டப்பா போனால் டப்பாக்காரர் யார்? கை தானாக எழுதியது: 'இருபத்திரண்டாம் நாள். டிராயர் பாதியில் சிக்கியது. மூன்றாம் முயற்சியில் வந்தது.' எழுதியவுடன், அரிப்பெடுத்த இடத்தைச் சொறிந்த மாதிரி அப்படி ஒரு சுகம்.

கூட்டம் நடந்தது. பூட்டிலிருந்து எடுத்த பதிவை மேனேஜர் கையில் வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் டப்பாக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. டப்பா எப்போதெல்லாம் திறக்கிறதோ அதைப் பூட்டு குறித்து வைக்கும். ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கிறது அதற்கு. ஒரு காலத்தில் இவரே கேட்டு வாங்கிய வசதி, வாடிக்கையாளர் வீட்டுப் பிள்ளைகள்தான் மூடியை நோண்டிக் கெடுக்கிறார்கள் என்று நிரூபிப்பதற்காக. ஆத்திரத்தில் அது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"முப்பது நாள்ல எத்தனை தடவை திறந்திருக்கார் தெரியுமா? முன்னூத்திப் பதினோரு தடவை!" என்றார் மேனேஜர்.

அறையே கொல்லென்று சிரித்தது, அப்புறம் கைதட்டியது. டப்பாக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. பொம்மைக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "அண்ணா, எங்க பழைய கம்பெனியில எல்லாம் ரெண்டு தடவை திறந்து பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுவாங்க. என் டப்பாவை இவ்வளவு அக்கறையா யாருமே பார்த்ததில்ல" என்றாள்.

அக்கறை! பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அதற்குப் பிறகு மேனேஜர் குறைக் கட்டத்தைப் படித்தார். பூட்டுக்காரர்களுக்கு 'சிக்கியது' என்பதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. அடுத்த வெள்ளிக்கிழமை வரைபடம், பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு வெட்டப் போக வேண்டும். அதற்குள் காரணம் தெரிந்தால் டிராயர் போகும், தெரியாவிட்டால் பழைய டப்பாவே போகும் என்று முடிவாயிற்று.

பொம்மைக்காரம்மா தேட ஆரம்பித்தாள். டிராயரை நூறு தடவை பிரித்தாள், அளந்தாள், மாட்டினாள். முதல் நாளே வந்து, "எந்தப் பக்கம் அண்ணா சிக்குச்சு?" என்று கேட்டாள். "இடது பக்கம்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். அவள் இடது ஓரத்தை மயிரளவு மயிரளவாகத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். நகம் பிளந்து பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டாள். பாவம் என்று நினைத்தாரா? இல்லை. அப்போதும் அவருக்குப் பொறாமைதான் வந்தது. முகப்பு வரைகிறவன் அவள் மேஜைக்கு டீ கொண்டுவந்து வைத்தான். கதவடிக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர் அவளுக்காக அரை மணி நேரம் கூடுதலாக இருந்தார். இத்தனை வருஷத்தில் நமக்கு ஒருத்தன் ஒரு கப் டீ கொண்டுவந்ததுண்டா என்று டப்பாக்காரர் இங்கிருந்தே பார்த்துப் பார்த்து வெந்தார்.

வியாழக்கிழமை, எல்லோரும் பையை எடுத்துக் கிளம்பும் நேரம். அவள் டிராயரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"முடியல அண்ணா. எங்கே தப்புன்னே தெரியல. உங்க டப்பாவே போகட்டும். சார்கிட்ட சொல்லிட்டுப் போறேன்."

ஜெயித்தாயிற்று. இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தானே இவ்வளவும்? "சரிம்மா, விடு, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று பெரிய மனுஷன் குரலில் சொல்ல வாயெடுத்தார். அவளே தொடர்ந்தாள்.

"ஒண்ணு சொல்லணும் அண்ணா. பதிவுல பார்த்தேன், இருபத்திரண்டாம் நாள் டப்பா ஒரு தடவைகூடத் திறக்கல."

அவருக்குப் பொறி தட்டியது. இருபத்திரண்டு! அன்றைக்கு வீட்டில் யாருமே இல்லை. மச்சானுக்கு ஆபரேஷன் என்று முந்தின நாளே குடும்பத்தோடு கிளம்பிப் போய், மறுநாள்தான் திரும்பினார்கள். முன்னூற்றுப் பதினோரு தடவை திறந்தவன், திறக்காத ஒரே நாளைப் பார்த்துப் பொய் எழுதியிருக்கிறான்!

"எப்ப பார்த்தே இதை?" என்றார்.

"கூட்டம் முடிஞ்ச அன்னிக்கே."

"அப்புறம் ஏன் ஒன்பது நாளா தேடினே?"

குத்திக்காட்டுகிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தார். அப்படி இருந்துவிடாதா என்று ஏங்கிக்கூடப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை, களைப்புதான் இருந்தது.

"நீங்க எழுதியிருக்கீங்களே அண்ணா. அப்போ பதிவுதானே தப்பா இருக்கணும்? அந்த ஸ்விட்ச்தான் ஒரு நாளை விட்டுடுச்சுன்னு அதையும் பிரிச்சுப் பார்த்தேன். அதுவும் நல்லாத்தான் இருக்கு. தப்பு வேற எங்கேயோ இருக்கு, என் கண்ணுக்குத்தான் படல."

பூட்டின் பதிவை ஒதுக்கிவிட்டு அவள் நம்பிய அந்த அண்ணன் யார்? அப்படி ஒருத்தன் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! டிராயரைப் பார்த்தபோது, மாமியார் சிரிப்பைப் பார்த்தபோது, அந்த டீயைப் பார்த்தபோது எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. அவள் மனசில் இருந்த அந்த ஆளை நினைத்தபோது எரிந்ததே, அதுதான் எரிச்சல்.

"அது சிக்கவே இல்லம்மா" என்றார்.

"என்னண்ணா?"

"அது ஒரு நாளும் சிக்கல. பொறாமையில எழுதிட்டேன். இடது பக்கம்னு சொன்னதும் பொய்தான். உன் டப்பா நல்ல டப்பா."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். டிராயரை முகத்தில் வீசியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார். அவள் பிளாஸ்திரி ஒட்டிய விரலை ஒரு தடவை பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்தாள். அவள் பார்வையிலிருந்து அந்த அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து போவதை டப்பாக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தார். போகாதே என்று அவனைக் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை.