பாதி ரொட்டியும் ஒரு பேப்பர் பையும்

போன திங்கட்கிழமை விஜயநகர் பேக்கரியில் சண்டை போட்டேன். சண்டை என்றால்... குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன். என் அளவுக்கு அது சண்டைதான்!

காரணம், ஒரு பை. பிளாஸ்டிக் கவரில் வந்துகொண்டிருந்த ரொட்டி, இப்போது பேப்பர் பையில் வருகிறது. பேப்பர்தான் — ஆனால் உள்ளே இருப்பது பளிச்சென்று தெரிகிறது. தொட்டால் சரசரக்கிறது. பார்க்க அழகு. மூன்றாம் நாள் ரொட்டியைத் தொட்டால்? ரஸ்க்!

"என்ன இது, இப்படிக் காய்ஞ்சு போகுது?"

பேக்கரிக்காரர் பாதி தமிழ், பாதி கன்னடம் பேசுபவர். "மரக்கூழ்ல செய்யற பேப்பர் மேடம். மண்ணுல போட்டா மக்கிடும். ஆனா பிளாஸ்டிக் மாதிரி ஈரத்தைப் பிடிச்சு வைக்காது. ரெண்டு நாள்ல முடிச்சிடணும்." பிறகு சாதாரணமாகக் கேட்டார். "வீட்ல எஷ்டு ஜன?"

எத்தனை பேர் என்கிறார்.

"ரெண்டு பேர்" என்றேன்.

பொய். அக்காவும் நானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். அக்கா இறந்துபோய் எட்டு மாதம் ஆகிறது. அப்போதெல்லாம் ரொட்டி காய்ந்ததே இல்லை — காலையில் அவளுக்கு நாலு ஸ்லைஸ், எனக்கு இரண்டு. இப்போது அதே ரொட்டி ஒரு வாரம் வருகிறது. பிளாஸ்டிக் கவரில் இருந்தவரை எனக்கு அது உறைக்கவே இல்லை.

"ரெண்டு பேர்னா சரியா இருக்கும்" என்று முழு ரொட்டியைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். வேறென்ன செய்ய?

வியாழக்கிழமை, காய்ந்துபோன பாதியைக் குப்பையில் போட்டபோது அழுகை வந்துவிட்டது. ரொட்டிக்காக யாராவது அழுவார்களா?

மறுநாள் திரும்பவும் போனேன். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டதைச் சொன்னேன். "பாதி ரொட்டி கிடைக்குமா? வீட்ல நான் ஒருத்திதான்."

நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு நான் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். கத்தியை எடுத்தார். "பரவாகில்லா மேடம், வெட்டித் தரேன்."

இரண்டு துண்டு. இரண்டு பை. ஒன்று எனக்கு, மற்றது அலமாரிக்கு.

"அதை யார் வாங்குவாங்க?"

"வருவாங்க மேடம். இந்த ஏரியால பாதி ரொட்டிக்குத்தான் ஜாஸ்தி கிராக்கி."

வெளியே வந்து, ஸ்கூட்டரைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் நின்றேன். யார் வருகிறார்கள் என்று பார்க்கத்தான்... யாரும் வரவில்லை.

நான் கிளம்பிய பிறகு அந்த மறுபாதியை வாங்கிப் போனது உங்களில் யார்?