கைகாட்டியின் கூச்சல்

கைகாட்டியின் வலது கையில் மூன்று விரல்கள் மடங்காது. கடப்பாரை விழுந்த கை. ஆனாலும் இன்றைக்கும் பொக்லைனுக்கு முன்னால் நின்று அதே கையைத்தான் தூக்குகிறாள். சொன்னால் கேட்கிற ஆளில்லை.

வயல்வெளியில் குழாய் பதிக்கவோ சாலை போடவோ தோண்டும்போது, அடியில் பழங்காலத்துப் பொருள் ஏதாவது நசுங்கிப் போகாமல் பார்ப்பதுதான் அவள் வேலை. பல் இல்லாத தட்டை பக்கெட்டால் நாலு விரல் கனத்துக்கு மண்ணைச் சுரண்டச் சொல்வாள். மண்ணின் நிறம் மாறினால் கை மேலே போகும், இயந்திரம் நிற்கும். கைகாட்டி என்று பெயர் வைத்தவன் டிரைவர். பதினோரு வருடம் என்ஜின் பக்கத்திலேயே கத்திக் கத்தி, அவளுக்கு மெதுவாகப் பேசுவதே மறந்துவிட்டது. வீட்டில் உப்புக் கேட்டால் அடுத்த தெரு எடுத்து வரும் என்பான் அவன்.

அந்த முறை தண்ணீர்க் குழாய் ஒரு பெரியவரின் வயலை நடுவாக வெட்டிக்கொண்டு போனது. "ஓரமா கொண்டு போங்கம்மா, பயிர் வீணாப் போகும்" என்று நிலத்துக்காரர் மூக்கால் அழுதார். அறுவடை முடிந்து கட்டாந்தரையாகக் கிடந்த வயலில் ஏது பயிர் என்று இவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. தினமும் வேலியோரம் வந்து நின்றவரை, மண்மேல் பாசம் என்று நினைத்தாள்.

அவருடைய மகளுக்கு முப்பது வயதிருக்கும். தினமும் தேநீர் கொண்டு வருவாள், கூடவே தன் வயிற்றெரிச்சலையும்.

"எனக்குப் பத்து வயசுல எங்கம்மா எவன் கூடவோ ஓடிப் போயிட்டாக்கா. போட்டோ ஒண்ணு விடாம அடுப்புல போட்டேன். இப்ப அவ மூஞ்சிகூட ஞாபகம் இல்ல. நிம்மதி."

நாலாம் நாள் மண்ணில் ஆள் நீளத்துக்குக் கறுப்பாக ஒரு திட்டு தெரிந்தது. கை மேலே போனது. டிரைவர் என்ஜினை அணைத்தான். அவள் மண்டியிட்டுச் சின்னக் கரண்டியால் மண்ணை விலக்கினாள். ஒரு மண்டையோடு வந்தது. பின்பக்கம் உள்ளே குழிந்து உடைந்திருந்தது.

"பழசாக்கா?" என்றான் டிரைவர்.

என்ஜின் நின்றுவிட்டது அவள் தொண்டைக்குத் தெரிந்தால்தானே!

"பழசு இல்லடா! மேல உழுத மண்ணு குழிக்குள்ள கெடக்கு, கிட்டத்துல தோண்டின குழி! தலையில பிளாஸ்டிக் கிளிப்பு, நீலக் கலரு! யாரோ ஒரு பொம்பளைய மண்டையில அடிச்சுப் பொதைச்சிருக்காங்க!"

அமைதியான வயலில் அது வேலியைத் தாண்டிப் போனது. தேநீரோடு வந்துகொண்டிருந்த மகள் நின்றாள்.

"நீலக் கிளிப்பா? அது எங்கம்மாவோடது."

நிலத்துக்காரரை இதுவரை அவர் என்றது போதும். வேலியோரம் நின்றிருந்தவன் கருவிக் குவியலிலிருந்து கடப்பாரையை உருவிக்கொண்டு குழிக்குள் குதித்தான். முதல் அடி மண்டையோட்டின் தாடையில் விழுந்தது. பற்கள் சிதறின. கைகாட்டி பழக்கதோஷத்தில் கையைத் தூக்கி "நில்லு!" என்று கத்தினாள். இருபது டன் இயந்திரம் கேட்ட கை அது. அவன் கேட்கவில்லை. அடுத்த அடி இறங்குவதற்குள் அவள் மண்டையோட்டின் மேல் கையை விரித்துப் போட்டுக் கவிழ்ந்தாள். விரல் எலும்புகள் முறிந்த சத்தம் மேலே டிரைவர் வரைக்கும் கேட்டது. "அவ கூடவே கெடந்து சாவுடி!" என்று அவன் அவள் முதுகில் போட்டான். தோளில் போட்டான். இரத்தம் அந்தக் கறுப்பு மண்ணில் இறங்கியது.

டிரைவர் என்ஜினை உசுப்பிப் பக்கெட்டைச் சுழற்றினான். அது நிலத்துக்காரன் இடுப்பில் இடித்து, மண்மேட்டில் தூக்கி எறிந்தது. கால் முறிந்து கிடந்தவனை டிரைவர் இறங்கிப் போய்க் காறித் துப்பி, முன்பல் போகும்வரை மிதித்தான். தப்பு என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். மகள் அப்பன் பக்கம் திரும்பவேயில்லை. குழியில் இறங்கி, சிதறிய பற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அதற்கு மூன்றாம் நாள் மகள் கைகாட்டியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. தன்னைத்தானே அறைந்துகொண்டிருக்க வேண்டும்.

"இருபது வருஷமா அவ மேலதான்க்கா உழுதிருக்கோம். நான் தினமும் அவளத் திட்டிக்கிட்டே அந்த வழியா நடந்திருக்கேன். போட்டோவும் இல்ல. மண்டையோட்ட வச்சு முகம் வரைவாங்களாமே, முடியுமா?"

பதினோரு வருடத்தில் முதல்முறையாகக் கைகாட்டியின் குரல் தணிந்தது.

"தாடை நொறுங்கிப் போச்சும்மா. நெத்தியும் கண்குழியும் முழுசா இருக்கு. என் கைக்கு அடியில இருந்துச்சு."

மகள் அந்தக் கட்டுப்போட்ட கையை எடுத்துத் தன் முகத்தோடு வைத்துக்கொண்டாள்.

"கண்ணு போதும்க்கா. அதப் பாத்துதான் நான் மன்னிப்புக் கேக்கணும்."