சோரியாங்குப்பத்தில் ஒரு டைல்ஸ் தேர்வு

வியாழக்கிழமை காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, தனலட்சுமிக்குப் போன் போட்டு அவள் இன்னும் ஊரில்தான் இருக்கிறாளா என்று கேட்டதுதான். "இருக்கறேன் மேடம். திங்கக்கெழம ஓசூருக்குக் கெளம்பணும்னு சொல்றாரு" என்றாள். அதற்குப் பிறகுதான் பல் தேய்த்தேன்.

புதுச்சேரியில் ஒரு கட்டட ஒப்பந்த நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவில் இருக்கிறேன். கொத்து வேலை, டைல்ஸ் பதிப்பது போன்றவற்றைச் சின்னச் சின்ன வீடியோ பாடங்களாகத் தொழிலாளர்களின் போனுக்கு அனுப்புகிறோம். சித்தாள் கொத்தனார் ஆனால் கூலி உயரும், கூலி உயர்ந்தால் ஆள் நம்மிடமே நிற்பார் என்பது கணக்கு. தனலட்சுமி பத்து வருடமாகத் தன் கணவர் ஏழுமலைக்குச் சித்தாள். டைல்ஸ் பாடம் முழுவதையும் முடித்துவிட்டாள். செய்முறைத் தேர்வு மட்டும் பாக்கி. தேறினால் கொத்தனார் கூலி, இருவரும் இங்கேயே இருப்பார்கள். தேறாவிட்டால், ஓசூரில் ஓர் ஒப்பந்தக்காரர் ஜோடியாகக் கூப்பிட்டிருக்கிறார், அங்கே போய்விடுவார்கள். தேர்வாளராகப் போனது நான்.

ஏழேகால் பேருந்தில் வில்லியனூர். பத்து கிலோமீட்டர், அரை மணி நேரம். அங்கே எங்கள் இன்னொரு சைட்டில் போன மாதம் தேறிய ஒரு பையனைப் பார்க்க நினைத்திருந்தேன். வாட்ச்மேன் வாசலிலேயே கையை விரித்தார். "சர்டிபிகேட் வந்த மறுநாளே பெங்களூரு போயிட்டான் மேடம். நல்லாத்தான் சொல்லிக்குடுக்கறீங்க." பாராட்டா, குத்தலா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

வில்லியனூரிலிருந்து சோரியாங்குப்பத்துக்கு நேர்ப் பேருந்துக்காக நிற்க எனக்குப் பொறுமை இல்லை. ஆட்டோக்காரர் ஐந்நூறு கேட்டார், நானூற்றைம்பதுக்கு வந்தார். கரிக்கலாம்பாக்கம் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரும்பு. என்ன வேலையாகப் போகிறேன் என்று கேட்டார், சொன்னேன்.

"இன்னா மேடம், போன்லயே கொத்தனாரு வேலயா? அப்ப வூட்டயும் போன்லயே கட்டிக்கலாமே!"

சிரித்தேன். 

சைட், சோரியாங்குப்பம் தாண்டி, வரிசை வீடுகள். தனலட்சுமி சேலைமேல் ஆண் சட்டை போட்டுக்கொண்டு, நூல் கட்டி லெவல் பார்த்து முடித்திருந்தாள். தேர்வு இதுதான்: இரண்டு மணி நேரத்தில் பதினாறு டைல்ஸ் பதிக்க வேண்டும். "பாடமெல்லாம் எப்படிம்மா பாத்த?" என்று கேட்டேன். "நைட்டு அவரு போன புடிச்சினு இருப்பாரு, நான் சப்பாத்தி தேச்சினே பாப்பேன்" என்றாள். அன்று அவளை மகிழ்ச்சியாகப் பார்த்த ஒரே நேரம் அதுதான்.

பதினொரு மணிக்குக் கடிகாரத்தை ஓட விட்டேன். முதல் பாண்டுச் சட்டி நிறையக் கலவையை அவளே போட்டு வைத்திருந்தாள். நான்கு டைல்ஸில் அது தீர்ந்தது. "கலவ!" என்று குரல் கொடுத்தாள். கொத்தனார்கள் கொடுக்கிற அதே குரல். யாரும் அசையவில்லை.

அந்த சைட்டில் நான்கு ஜோடிகள். ஒவ்வொரு பெண்ணும் தன் கணவனுக்குத்தான் கலவை தூக்குவாள். தனலட்சுமி கரண்டி பிடித்தால் அவளுக்குத் தூக்க ஆள் இல்லை. இது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீடியோக்களில் கலவை எப்போதும் பாண்டில் தயாராக இருக்கும்.

மேஸ்திரி பலராமனிடம் ஓடினேன். "இருக்கற ஆளு வேலைக்கே செரியா இருக்கு மேடம். யார இழுக்கறது?" என்றார். கோமளா என்ற பெண் தானாகவே இரண்டு எட்டு வைத்தாள். சாரத்தின் மேலிருந்து அவள் கணவர், "ஏய், எங்கடி போற?" என்றதும் நின்றுவிட்டாள்.

ஏழுமலை பத்தடி தள்ளிச் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்.

"யோவ், ஒரு பாண்டு போட்டுட்டுப் போய்யா" என்றாள் தனலட்சுமி.

"நீ கொத்தனாருன்னா, நான் இன்னாடி, சித்தாளா?"

"சித்தாளு கூலி குடுத்துரும் உன் பொண்டாட்டி, போ ஏழுமல!" என்று சாரத்திலிருந்து இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். எழப் போன ஏழுமலை மறுபடி உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

அப்புறம் அவளே ஓடினாள். மணல், சிமெண்ட், தண்ணீர், மண்வெட்டி, பாண்டு, மறுபடி முழங்கால் போட்டு உட்காருவது. அவள் கலவை போட்டு வருவதற்குள் டைல்ஸுக்கு அடியில் ஊற்றி வைத்த சிமெண்ட் பால் காய்ந்துவிடும், அதைச் சுரண்டிவிட்டு மறுபடி ஊற்றுவாள். தேர்வாளர் எதையும் தொடக் கூடாது என்பது விதி. போனைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். 

ஒரு மணிக்குப் பதின்மூன்று முடிந்திருந்தது. முடிவை அங்கேயே பதிய வேண்டும். 'தேறவில்லை' என்று அழுத்தினேன்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கலைந்த பிறகு ஏழுமலை வந்தார். ரப்பர் சுத்தியலால் டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டினார். "சத்தம் ஒரே மாதிரி கீது. அடியில எங்கயும் காலியா பொள்ளல் இல்ல" என்றார்.

"அப்ப ஏன்யா வரல?" என்று கேட்டாள் தனலட்சுமி.

"எல்லாரும் பாத்துனு இருந்தாங்க இல்ல" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் தன் கையில் ஒட்டியிருந்த சிமெண்டை உரித்துக்கொண்டே இருந்தாள். "திங்கக்கெழம பஸ்சு எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

இது போன்ற இடங்களுக்குப் பயிற்சி வேலையாகப் போகிறவர்களுக்கு: சைட்டில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வருகிறது, பாடங்களை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, வழியில் வரும் பாகூரிலேயே முடித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. திரும்ப, பாகூரிலிருந்து புதுச்சேரிக்கு அடிக்கடி பேருந்து உண்டு, ஒரு மணி நேரம் ஆகும். முக்கியமானது: யார் தேர்வு எழுதுகிறார் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அவருக்கு யார் தூக்கிக் கொடுப்பார் என்றும் முந்தின நாளே கேளுங்கள்.

திரும்பும் பேருந்தில் தேர்வு விதிகளை முதலிலிருந்து படித்தேன். ஒரு மறுதேர்வு உண்டு. வேறு தேர்வாளர் நடத்த வேண்டும். சனிக்கிழமைக்கு என் சக ஊழியர் ஒருவரைப் போட்டாயிற்று. தேர்வு எழுதுபவருக்கு ஓர் உதவியாள் இருக்கலாம் என்று அதில் இருக்கிறது. அது யாராக இருக்க வேண்டும் என்று இல்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு நான் விடுப்பு கேட்டிருக்கிறேன். சொந்த வேலை என்று எழுதினேன். இந்தப் பதிவை ஞாயிறு அன்றுதான் வெளியிடுவேன், அதுவரை இது யாருக்கும் தெரிய வேண்டாம். பாண்டைத் தலையில் வைத்து எனக்குப் பழக்கமில்லை, இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொள்வேன். தனலட்சுமியிடம் மறுதேர்வு உண்டு என்று மட்டும் சொன்னேன், தூக்கப் போவது யார் என்று சொல்லவில்லை. அவள் "கலவ!" என்று கூப்பிடும்போது தெரிந்துகொள்ளட்டும்.