சுவரில்லாத வீட்டின் சிவப்புத் தரை

ஒரு பெண் இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு நடந்து வருகிறாள். உச்சி வெயில். சுற்றிலும் சுவர் கிடையாது, மேலே கூரை கிடையாது. புதிதாகப் போட்ட சிவப்புச் சிமெண்ட் தரை மட்டும் பரந்து கிடக்கிறது. அதன் நடுவே ஓர் இடத்துக்கு வந்ததும் அவள் தலையைத் தாழ்த்தி, முதுகை வளைத்து, எதற்கோ அடியில் புகுவதுபோல் நுழைகிறாள். உள்ளே போனதும் நிமிர்கிறாள். குடத்தைச் சாய்த்துத் தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்பும்போதும் அதே இடத்தில் குனிகிறாள். இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் எனக்குப் பிடரி சில்லிடுகிறது. பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஆனால் பட்டப்பகலில் பார்த்ததை என்ன சொல்லி ஒதுக்குவது?

என் சித்தப்பா மன்னார்குடிப் பக்கம் கலர் சிமெண்ட் தரை போடும் காண்டிராக்டராக இருந்தார். படிப்பு முடித்து வேலை கிடைக்காமல் திரிந்த என்னை, கலர்ப் பொடி நிறுக்கவும் ஆட்களைக் கவனிக்கவும் கூட வைத்துக்கொண்டார். கூத்தாநல்லூரில் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழும்பிய வீடுகளின் கூடங்கள், தஞ்சாவூர் ஜவுளிக்கடைகள் என்று அவருக்கு வேலை ஓய்ந்ததே இல்லை. ஈரம் காயாத சிமெண்டில் நூலை அழுத்திக் கட்டம் கட்டமாகக் கோடு இழுப்பார். ஓரத்தில் கறுப்புப் பட்டை விட்டு, மூலைக்கு மூலை ஒரு பூ போடுவார். கைவேலையைவிட வாய்வேலையில்தான் அவர் கெட்டிக்காரர். வீட்டுக்காரர் வெற்றிலையை மடிப்பதற்குள் பாட்டு ஆரம்பித்துவிடும்.

“மண் தரைன்னா வாராவாரம் மெழுகணும். கல்லுன்னா இடுக்குல எறும்பு குடிவைக்கும். இது ஒரே பாளமா இருக்கும், இடுக்கே கிடையாது. கரையான் ஏறாது, பூச்சி பொட்டு அண்டாது. சித்திரை வெயில்ல வெறும் தரையில படுத்துப் பாருங்க, எழுந்திரிக்கவே மனசு வராது. கடைக்குப் போட்டீங்கன்னா மூட்டையத் தரதரன்னு இழுக்கலாம், கீறல் விழாது. எண்ணெ கொட்டினாலும் ஒரு துணியால துடைச்சாப் போச்சு. வருஷம் போகப் போக மினுமினுப்பு கூடுமே தவிர குறையாது.”

அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் போட்ட தரைகள் அப்படித்தான் இருந்தன.

பக்கத்துக் கிராமத்து மிராசுதார் ஒருவர் இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டார். ஆட்சி மாறியதோடு வேட்டிக் கரையையும் மாற்றிக்கொண்டவர் அவர். வாய்க்கால் கரையோரம் அரிசி மில் கட்டிக்கொண்டிருந்தார். திறப்பு விழாவுக்கு மந்திரியை அழைப்பதாக இருந்ததால், மில்லின் முன்னால் வியாபாரிகள் உட்காரும் இடத்துக்கு நடுவில் சிவப்பும் சுற்றிலும் கறுப்புமாகத் தரை வேண்டும் என்றார். கூரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், தரை முதலில் முடியட்டும் என்று அவசரப்படுத்தினார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அடியில இருக்கிறது எதுவும் மேல தெரியாதுல்ல?”

அடிமண்ணின் ஓதம் ஏறுவதைத்தான் கேட்கிறார் என்று சித்தப்பா நினைத்தார். “எதுவும் தெரியாதுங்க” என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

தரை போட்ட மறுநாள், வயல் வரப்புபோல் களிமண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். சிமெண்ட் இறுகுகிற வரைக்கும் அப்படித்தான் ஊறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றுவதற்கு மிராசுதாரின் பண்ணையிலிருந்தே பெண்கள் வந்தார்கள். முன்னால் சொன்ன பெண் அவர்களில் ஒருத்தி. எனக்கு அக்கா வயது இருக்கும், அதனால் அக்கா என்றே கூப்பிட்டேன். அவள் அதற்குக் கூச்சப்பட்டாள்.

பாத்தித் தண்ணீர் வற்றியபோதுதான் முதலில் கவனித்தேன். தரை ஒரே சீராகக் காயவில்லை. இங்கே ஒரு நீள்சதுரம், அங்கே ஒன்று என்று வெளுத்துக் காய்ந்தது. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு வட்டம் எல்லாவற்றுக்கும் முந்திக் காய்ந்தது. அவற்றுக்கு நடுவே சந்து சந்தாக ஈரம் நின்றது. அடிமண் சில இடத்தில் இறுகியிருக்கும் என்று சித்தப்பா காரணம் சொன்னார். சொல்லிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் அக்காவிடம் கேட்டேன். அவள் குடத்தை இறக்காமலே அந்த வட்டத்தைக் காட்டினாள்.

“அது என் அடுப்புங்க.”

அதற்குமேல் அவளைப் பேச வைக்கச் சிரமப்பட வேண்டியிருந்தது. பண்ணைவேலை செய்கிறவர்கள் குடியிருக்கிற மனை அவர்களுக்கே சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்த சமயம் அது. சட்டம் வருகிற பேச்சு அடிபட்டதுமே, மில் கட்டி முடித்ததும் ஓட்டு வீடு கட்டித் தருகிறேன் என்று சொல்லி, மிராசுதார் அவர்களை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் புறம்போக்கில் கொண்டுபோய் விட்டார். குடிசைகளைப் பிரித்தார், மண்ணடித்தார், எங்களைக் கூப்பிட்டார். கணவன் செத்து, இரண்டு பெண்பிள்ளைகளோடு இருந்த அவளுக்கு, உலகத்தில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த இடம் ஒன்றுதான். அதன்மேல்தான் நாங்கள் பூப்போட்டு மெழுகியிருந்தோம். தலையில் இடிக்கும் தாழ்ந்த கூரை இறவாரத்துக்குப் பயந்து வருஷக்கணக்காகக் குனிந்த முதுகு, இறவாரம் போன பிறகும் குனிந்துகொண்டிருந்தது. மற்றப் பெண்களும் அப்படித்தான், ஆளுக்கு ஓர் இடத்தில் குனிந்தார்கள். அந்த வெட்டவெளியில் சுவரில் இடித்துக்கொள்வேனோ என்று நானே நெளிந்து நடக்க ஆரம்பித்தேன். பயமாகத்தான் இருந்தது.

விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் அவளுக்காக மனு எழுதிக் கொடுத்திருந்தார்கள். தாசில்தார் பார்வையிட வந்தபோது வேலை முடிந்திருந்தது. தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்த தரை, ஒரே சீராக, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்தது. வெளுப்பும் இல்லை, வட்டமும் இல்லை. சித்தப்பா சொன்னபடியே அடியில் இருந்தது எதுவும் தெரியவில்லை. சித்தப்பா மட்டக்கோலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இங்க குடிசையே இருந்ததில்லைங்க. வெறும் கருவக்காடு. நான்தான் திருத்தினேன்” என்றார் மிராசுதார்.

அவள் தாசில்தாருக்கு எதிரில் நின்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். “இருந்தோம் சாமி.” காட்டுவதற்கு அவளிடம் காகிதம் இல்லை. தாசில்தார் உதட்டைப் பிதுக்கினார். வண்டி நின்ற ரோட்டுப் பக்கம் போவதற்குத் தரையில் இறங்கி நேராக நடந்தார். மிராசுதாரும் பேசிக்கொண்டே கூடவே வந்தார். வந்தவர், ஓர் இடத்தில் சட்டென்று இடப்பக்கம் திரும்பினார். கொஞ்சதூரம் போய் வலப்பக்கம் திரும்பினார். மறுபடியும் இடப்பக்கம். தாசில்தார் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்து திரும்பிப் பார்த்தபோது, மிராசுதார் எங்கேயோ ஒரு மூலையில் வளைந்து வந்துகொண்டிருந்தார். வாய் மட்டும் கருவக்காடு, கருவக்காடு என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவர் கால் நடந்த வழியெல்லாம் நான் பார்த்த அந்த ஈரச் சந்துகள். அவர் பார்வை தாசில்தார்மேல் இருந்ததே தவிர தரையில் இல்லை.

“ஐயா ஏன் சுத்திப் போறாருன்னு கேளுங்க சாமி” என்றாள் அவள்.

அவள் குரல் உயரவே இல்லை. பிறந்ததிலிருந்து அந்தக் குடிசைத் தெருவில் மிராசுதார் சந்திலே நின்றுதான் ஆளைக் கூப்பிட்டிருக்கிறார். அந்த மனிதர்களின் வீட்டு நிலத்தில் கால் பட்டால் தீட்டு. நாக்கு பொய் சொல்லப் பழகிய அளவுக்குக் கால் பழகவில்லை.

“நேரா வாங்களேன்” என்றார் தாசில்தார்.

“அதுக்கென்ன?” என்று மிராசுதார் சிரித்தார். வலது காலைத் தூக்கினார். கால் அந்தரத்தில் நின்றது. முகமெல்லாம் வேர்த்துவிட்டது. முன்னால் இருந்தது எண்ணெய் மினுங்கும் வெறும் தரை, அதுவும் அவரே ஆசைப்பட்டுப் போட்ட தரை. அவள் நடந்துபோய், குனிந்து, உள்ளே நுழைந்து நிமிர்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“வாங்கய்யா. உள்ள வாங்க.”

தூக்கிய காலை அவர் பின்னால்தான் வைத்தார். தாசில்தார் பேனாவை எடுத்தார். அந்த மனைகளுக்குப் பட்டா கிடைப்பதற்கு இன்னும் எவ்வளவோ அலைச்சல் இருந்தது. ஆனால் கிடைத்தது. அவள் தரையைப் பெயர்க்காமல் அதன்மேலேயே சுவர் வைத்தாள். அந்தத் தெருவுக்குள் கலர் சிமெண்ட் தரை வந்தது அப்படித்தான். இப்போது அவளுடைய பேத்தி அந்தத் தரையில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிறாளாம். தஞ்சாவூரில் என் மகனுக்கு வீடு கட்டுகிறவர் இதே தரையைப் புது நாகரிகம் என்று புகழ்கிறார். சித்தப்பா சொன்னதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று எல்லாரும் போன பிறகு எங்கள் தேய்ப்புக் கற்கள் தரையின் நடுவில் கிடந்தன. அவள் இன்னும் அங்கேயே நின்றிருந்தாள். எடுத்துவரப் போன சித்தப்பா பாதியில் நின்றார். தானே குழைத்து, தானே கோடிழுத்து, அத்தனை நாளாகக் குறுக்கும் நெடுக்கும் மிதித்த தரை அது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

“உள்ள வரலாமாம்மா?” என்று கேட்டார்.